பத்துக்கும் சரி போட்ட தாள்

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவில், கோயில் கலண்டருக்கும் அப்பாவின் வேலை அட்டவணைக்கும் நடுவில், ஒரு தாள் பத்து மாதம் ஒட்டியிருந்தது. நான் எழுதிய தாள். மேலே நாயின் சாப்பாடு என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். கீழே ஆங்கிலத்தில் பத்துப் பெயர்கள்: அர்ஜினின், ஹிஸ்டிடின், லூசின், ஐசோலூசின், லைசின், மெதியோனின், ஃபீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபான், வாலின். ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சைப் பேனையால் ஒரு சரி. கடைசி வரி அம்மாவுக்காகத் தமிழில்: சோறு இரண்டு கப், பருப்பு ஒரு கப், வெங்காயம் உள்ளிப்பூண்டு கூடாது.

வெங்காயம் உள்ளிப்பூண்டு கூடாது என்பது மட்டும் முழுக்கச் சரி.

நான் எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது, பிறகு அவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தபின் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். எட்டு வயதிலிருந்து அரசாங்கக் கடிதம், ஆஸ்பத்திரிப் படிவம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லியிருக்கிறேன். பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும் என்பதால் விளங்காத இடத்தில் ஏதாவது சொல்லி நிரப்புவேன். ஒருவரும் சரிபார்க்க முடியாது. இப்படி வளர்ந்தவனின் வாயில் 'தெரியாது' என்ற சொல் வருவதில்லை. அதை நான் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை.

படித்தது உணவு வேதியியல். இரண்டாம் வருடத்தில் புரதம் பற்றிய பாடம். தானியத்தில் லைசின் குறைவு, பருப்பு வகையில் மெதியோனின் குறைவு, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும் என்று பேராசிரியர் சொன்னார். உதாரணத்துக்குச் சோறும் பருப்பும் என்றார். வகுப்பில் பலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் எங்கள் வீட்டுக் குசினியைப் பற்றி ஒருவர் மரியாதையோடு பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். பஸ்ஸில் வரும்போதே அம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். "உது எங்களுக்கு முந்தியே தெரியும்தானே," என்றார் அம்மா. சொல்லும்போது சிரித்தார்.

நான் பட்டம் எடுத்தால் ஒரு வருடத்துக்கு வீட்டுக்குள் மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் வராது என்று அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பட்டமளிப்பு ஜூன் மாதம். அடுத்த நாளே மீன்சட்டி, இறைச்சிச்சட்டி எல்லாம் கட்டிக் கட்டடத்தின் கீழ்த்தள லொக்கருக்குள் போயின. அப்பாவுக்கு அஜின்கோர்டில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற வேலை. நேரே பல்கனிக்குப் போய் வேலை உடுப்பை மாற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நடமாடலாம் என்று சட்டம் வந்தது.

நாய் எங்களிடம் வந்து அப்போது இரண்டு வருடம். வோபர்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தில், நாங்கள் இருக்கும் அதே மாடியில் தனியாக இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி பராமரிப்பு இல்லத்துக்குப் போனபோது அப்பாவின் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணிறக் கொக்கர் ஸ்பானியல். குனிந்து சாப்பிட்டால் காது இரண்டும் கோப்பைக்குள் விழும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. அப்பாவின் வாயில் அது நுழையவில்லை. "மோனை" என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

நேர்த்தி தொடங்கிய முதல் வாரமே அம்மாவின் கண் நாய்ச் சாப்பாட்டுப் பையில் விழுந்தது. பையில் கோழிப் படம்.

"உது மட்டும் மச்சமில்லையோ?" என்றார்.

"அம்மா, நேர்த்தி நாய்க்குமோ?"

"நேர்த்தி வீட்டுக்கு. அவன் வீட்டுக்குள்ளைதானே இருக்கிறான்."

"அப்ப அவனைப் பல்கனியிலை விடுவம்," என்றார் அப்பா.

"விடுறதெண்டால் உங்களைத்தான் விடவேணும். வீடு முழுக்க மீன் வெடுக்கு." அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே சாப்பாட்டைப் பற்றிப் படிச்சனி. நாய்க்குச் சோறும் பருப்பும் காணுமோ?"

இந்த இடத்தில்தான் நான் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மனிதரின் உணவைப் படித்தவன். நாயைப் பற்றிப் படித்தது ஒரு வரி: உடல் தானே செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலங்கள் வளர்ந்த மனிதனுக்கு ஒன்பது, நாய்க்குப் பத்து. அந்தப் பத்தாவது அர்ஜினின். அது எனக்கு ஞாபகம் இருந்ததே பெரிய பெருமையாக இருந்தது. பட்டம் எடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, சட்டகம் போட்ட சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, அதற்குக் கீழே நின்று அம்மா கேட்கிறார்.

"காணும், அது போதும்," என்றேன். "பொறுங்கோ, கணக்குப் பாத்து எழுதித் தாறன்."

ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து எழுதினேன். அரிசியில் பத்தும் இருக்கிறதா, இருக்கிறது. பருப்பில் பத்தும் இருக்கிறதா, இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒரு அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டினேன். கூட்டலில் பிழை இல்லை. அம்மா அந்தத் தாளை மஞ்சள் கறை படாமல் இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லமினேற் பண்ணுவித்தார். ஃபோனில் படம் எடுத்துத் தன் கோயில் சிநேகிதிகளுக்கும் அனுப்பினார். "என்ர மோன் எழுதினது" என்று குரல் பதிவும் கூடவே போனது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாய் முதல் இரண்டு நாள் கோப்பையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது. மூன்றாம் நாள் சாப்பிட்டது.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் அம்மா நாயின் காதைப் பிடித்து முகர்ந்துவிட்டுக் கத்தினார்.

"ஆர் இந்த வீட்டுக்குள்ளை மச்சம் கொண்டந்தது?"

"ஒருத்தரும் கொண்டரேல்லை," என்றார் அப்பா, டீவியைப் பார்த்தபடி.

"அப்ப இவன்ரை காதிலை பாரை மீன் எப்பிடி மணக்குது? இவன் பஸ் எடுத்து அஜின்கோர்ட்டுக்குப் போட்டு வந்தவனோ?"

அப்பா டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நாள் அவர் நாயைக் கூட்டிக்கொண்டு கீழே போனபோது நான் பின்னால் போனேன். பார்க்கிங்கில் எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். பழைய மாஜரின் டப்பாவில் மீன்தலைகள். கடையோடு சேர்ந்த சாப்பாட்டுக் குசினியில் அவித்து, சதையைப் பிய்த்துக் கொண்டுவந்திருந்தார். நாயின் காதுகள் டப்பாவுக்குள் விழாமல் ஒரு கையால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார். முதல் நாள் மாட்டிக்கொண்ட பிறகு கண்டுபிடித்த வழியாக இருக்க வேண்டும்.

"என்னப்பா இது?"

"வீட்டுக்கை கொண்டுபோகேல்லையே. வெளியிலைதானே."

"நான் கணக்குப் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறன். அதுக்கு மேலாலை நீங்கள் இதைக் குடுத்தால் எல்லாம் பிழைச்சுப் போகும். முள்ளுக் குத்தினால்? உப்பு?"

"உப்புப் போடேல்லை. முள்ளும் பாத்துத்தான்... அவன் மெலிஞ்சு போனான் மோனை. பிடிச்சுப் பார், நெஞ்செலும்பு தெரியுது. இறைச்சி மீன் தின்னிற சாதி. எங்களுக்கு நேர்த்தியெண்டாப்போலை அவனுக்கும்—"

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், வங்கியில், அப்பாவிடம் வெள்ளைக்காரர்கள் பேசுகிற குரல். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குள்ளே கோபம் வளர்ந்திருந்தது. பழகவும் செய்திருந்தது போல.

அப்பா எழும்பினார். "ஓமடா. எனக்கென்ன தெரியும்," என்றார். டப்பாவைக் குப்பை வாளியில் கவிழ்த்தார். நாய் வாளியைச் சுற்றி ஓடியது. அதற்குப் பிறகு அவர் ஒரு துண்டு மீனும் கொடுக்கவில்லை. நான் சொன்னதை எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள்.

பெப்ரவரியில் நாய் இருமத் தொடங்கியது. குளிருக்கு என்றேன். பிறகு நடையில் பாதியில் நின்றது. எலிவேட்டர் பழுதான ஒரு காலை, அப்பாவோடு படியேறும்போது மூன்றாம் மாடியில் அப்படியே சரிந்தது. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்ச நான்கு மாடியும் ஏறி வந்தார்.

மிருக வைத்தியர் இளம் பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், பிறகு எங்களை ஒரு சிறிய அறையில் இருத்தினார். இதயம் பெருத்துவிட்டது, அதன் சுவர் மெலிந்து தளர்ந்துவிட்டது, இரத்தத்தைத் தள்ளப் போதிய பலம் இல்லை என்றார். நாய் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். நான் சொன்னேன். கணக்குப் பார்த்து, பத்து அமினோ அமிலமும் வரும்படி, என்று சேர்த்துச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

டோரின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றித் தெரியுமா என்றார். அது அந்தப் பத்தில் இல்லை. நாயின் உடல் அதைத் தானே செய்துகொள்ளும் என்பதால் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் அதைச் செய்ய மெதியோனினும் சிஸ்டீனும் போதிய அளவு வேண்டும். புரதம் குறைந்தால் அதைச் செய்வதற்கான மூலப்பொருளே இல்லை. சில இன நாய்களுக்கு அதைச் செய்யும் திறனும் குறைவு. கொக்கர் ஸ்பானியல் அதில் ஒன்று. டோரின் குறைந்தால் இதயம் இப்படி ஆகலாம். மீனிலும் இறைச்சியிலும் அது நேராகவே இருக்கிறது, பருப்பில் இல்லை. "இதற்கு வேறு காரணமும் இருக்கலாம், இரத்தத்தைச் சோதிப்போம்," என்றார். பிறகு, "மீனாவது இறைச்சியாவது எப்போதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

செப்டெம்பர் வரை அப்பா மீன் கொடுத்தார் என்றேன். "ஏன் நிறுத்தினீர்கள்? அது தொடர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்," என்றார்.

இதெல்லாம் ஆங்கிலத்தில். அப்பா என் முகத்தையும் வைத்தியரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஃபிஷ்' என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

"மீனைப் பற்றி என்னவோ சொல்லுறா. நான் குடுத்த மீனாலையோ மோனை? கேள்."

நான் வைத்தியரிடம் திரும்பினேன். மருந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு முறை என்றார். அப்பாவிடம் திரும்பினேன்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம்," என்றேன்.

இதை எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. பயத்தில் வாய் தவறி வந்தது என்று பல முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. விளங்காத கடிதத்தை வாசிக்கும்போது செய்வது போல, சொல்ல முடியாத இடத்தை வேறொன்றால் நிரப்பினேன். நிரப்புவதற்குக் கைக்குக் கிட்ட இருந்தது அப்பா.

அப்பா தலையாட்டினார். வீடு வரும்வரை நாயை மடியில் வைத்திருந்தவர் அதைத் தடவவில்லை. கைகளைத் தன் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். புரதக் கணக்கு முழுவதும் உலர்ந்த பருப்புக்கானது. அம்மா கொடுத்தது அவித்த பருப்பு. அதுவும் கரண்டியால் எடுத்தால் வடிகிற பருப்பு, நாய் விழுங்கச் சுகமாக இருக்கும் என்று. நான் எழுதிய ஒரு கப்பில் இருந்த புரதத்தின் மூன்றில் ஒன்றுகூட அந்த ஒரு கப்பில் இருந்திராது. இத்தனை மாதமாகக் குசினிக்குள் போய் வந்தவன், பானையை ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. இரத்தச் சோதனையும் வந்தது. டோரின் மிகக் குறைவு.

டோரின் தூளும் மருந்தும் கொடுத்தோம். நேர்த்தியை முருகன் மன்னிப்பார் என்று அம்மா தானே சொல்லிக் கோழிப் படம் போட்ட பையை வாங்கி வந்தார். நாய் சில நாள் கொஞ்சம் தெளிந்தது, வாசல்வரை ஓடியது. பிந்திவிட்டது. ஏப்ரலில் ஒரு காலை, அப்பா வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது அவரின் காலடியில் படுத்திருந்தது, எழும்பவில்லை. நேர்த்தி முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொல்லாமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அஜின்கோர்டில் இருக்கும் அம்மாவின் கோயில் சிநேகிதி ஃபோன் எடுத்திராவிட்டால்.

"தம்பி, எங்கட நாய் கொஞ்சம் சோந்துபோய்க் கிடக்குது. உம்மட பேப்பர்படிதான் ஆறு மாசமாக் குடுக்கிறன். பருப்பைக் கூட்டவோ, சோத்தைக் கூட்டவோ?"

"அன்ரி, அந்தப் பேப்பர் பிழை. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நாயை வைத்தியரிட்டைக் கொண்டுபோங்கோ."

"பிழையோ? பிழையெண்டால் நீர் எழுதுவீரே?"

"பிழையாத்தான் எழுதினனான். எங்கட நாய் அதாலைதான் செத்தது."

"சும்மா இரும் தம்பி. அது அப்பா களவா மீன் குடுத்ததாலை எல்லே செத்தது? அவரே கோயில்லை வைச்சு எங்களுக்குச் சொன்னவர். பாவம், கண் கலங்கிப் போச்சு மனுசனுக்கு. நான் மச்சம் கண்ணாலையும் காட்டேல்லை, நீர் பயப்பிடாதையும்."

அப்பா கோயிலில் போய்ச் சொல்லியிருக்கிறார். தானே, ஒருவரும் கேட்காமலே.

அன்றைக்கே கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அல்லாததால் மீன் பகுதியில் நல்ல கூட்டம். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. என் இலக்கம் வந்தபோது அப்பா தலை நிமிர்ந்து, "என்னடா, அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்றார்.

"இல்லையப்பா. நாய் உங்கட மீனாலை சாகேல்லை. டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. மீன் குடுத்தது நல்லதெண்டுதான் சொன்னவ. நான் உங்களுக்கு மாத்திச் சொன்னனான். என்ர பேப்பர்தான் பிழை."

கத்தி ஒரு விளைமீனின் செவுளுக்குள் நின்றது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அன்ரி பையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார்.

அப்பா என்னை வடிவாகப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வந்திருந்தேன் என்றும் சொல்லலாம். அவர் முகம் இளகியது.

"பாத்தியளே," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "தகப்பன் கவலைப்படுறான் எண்டு பிழையைத் தன்ரை தலையிலை போடுறான். படிச்ச பிள்ளை."

"அப்பா, தேத்துறதுக்குச் சொல்லேல்லை. உண்மையாத்தான்."

"சரி சரி."

"நான் பொய் சொன்னனான் அப்பா."

"டேய்." குரல் தாழ்ந்தது. கத்தியைப் பலகையில் வைத்தார். "உனக்குத் தெரியாதெண்டால் பின்னை எங்களிலை ஆருக்கடா தெரியும்? மூண்டு நேரமும் இந்தக் குளிருக்கை கை விறைக்க நிண்டது உதைக் கேக்கவோ? போ. சனம் நிக்குது."

"அன்ரியின்ர நாய் அதே பேப்பராலைதான் சோந்து கிடக்குது. அவ நான் சொன்னால் கேக்கிறா இல்லை. நீங்களாவது சொல்லுங்கோ."

அப்பா கையுறையைக் கழற்றி, உதறி, திரும்பப் போட்டார். "அவ மச்சம் தொடாதவ," என்றார். "நீ அவவுக்கு வேறை பேப்பர் ஒண்டு எழுதிக் குடு." பிறகு என் தலைக்கு மேலால் பார்த்து அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் இருந்த தாளைக் கிழிக்கப் பார்த்தேன். லமினேற் பண்ணியது, கிழியவில்லை. மீன் வெட்டும் கத்தரிக்கோல் லொக்கருக்குள் இருந்ததால் அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். "என்னத்துக்கு மோனை வெட்டுறாய், அது அவன்ரை ஞாபகமெல்லே," என்று அம்மா கேட்டார். துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒன்றில் இரண்டு வரி எழுதினேன். இது எனக்குத் தெரியாது. நாயை இன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அன்ரியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவரின் நாய், சிறிய வெள்ளை நாய், கதிரைக்குக் கீழே படுத்திருந்தது, என்னைப் பார்த்துக் குரைக்கவும் இல்லை.

"இவ்வளவு படிச்சுப்போட்டு இவ்வளவுதானோ தம்பி?" என்றார்.

"ஓம் அன்ரி," என்றேன். "இவ்வளவுதான். சப்பாத்தைப் போடுங்கோ, வான் கீழை நிக்குது. நான் கூட்டிக்கொண்டு போறன்."

அந்த நாய் பிழைத்துக்கொண்டது. அதற்கும் அன்ரி நன்றி சொன்னது என் புதுப் பேப்பருக்குத்தான். அப்பா இன்றைக்கும் நடைபாதையில் எந்த நாய் எதிரே வந்தாலும் ஒதுங்கி நின்று, அது போகும்வரை கையிரண்டையும் ஜாக்கெட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொள்கிறார். மீன் மணம் அதற்கு ஆகாதாம்.